பேனா இறங்கும் வெடிப்பு

ஒரு சிறுவனின் பாதம். செருப்பு அறியாத, பனிக்குளிரில் வெடித்துப் பிளந்த பாதம். அந்த வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று சொல்ல வருகிறார் எழுத்தாளர். இதோ, இப்போது என் கையில் இருக்கும் இந்தப் பேனாவை அதற்குள் கிடத்திவிடலாம் என்ற பொருள்பட ஒரே ஒரு வாக்கியம் எழுதுகிறார். அதோடு சரி, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ் எழுதி, 1845-இல் பாஸ்டனில் வெளிவந்த முதல் தன்வரலாற்றில், ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது அந்த வாக்கியம். வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு அது தப்பிவிடும். தப்பவிடக்கூடாத வாக்கியம் அது. வாருங்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வெடிப்பை அளக்க அவருக்கு எத்தனையோ பொருள்கள் கிடைத்திருக்கும். விரல் இருக்கிறது, கத்தி இருக்கிறது, குச்சி இருக்கிறது. அவர் எடுத்தது பேனாவை. மேரிலாந்தின் தோட்டங்களில் அடிமைக் குழந்தை ஒருபோதும் தொடக்கூடாது என்று எசமானர்கள் கவலையோடு காத்த பொருள் அது. அந்தப் பேனா இன்று அதே குழந்தையின் கையில் இருக்கிறது. அதே குழந்தையின் காலை அளக்கிறது. காலில் இருந்த சிறுவனும் கையில் இருக்கும் எழுத்தாளரும் ஒரே வாக்கியத்துக்குள் சந்தித்துக்கொள்கிறார்கள். இடையில் கழிந்த ஏறக்குறைய இருபது ஆண்டுகளை அவர் விவரிக்கவில்லை. வலி என்ற சொல்கூட அங்கே இல்லை. ஆனாலும் வாசிப்பவர் உள்ளங்கால் கூசுகிறது. இந்த அடக்கம்தான் டக்ளஸின் எழுத்துக்கு அழகு. அந்த நூல் நெடுக ஓடும் மெல்லிய பொன்னிழையும் இதுதான்.

அந்த வாக்கியத்தின் அக்கம்பக்கத்தையும் பாருங்கள். படுக்கை இல்லாத சிறுவன், மாவு மில்லுக்குச் சோளம் சுமக்கும் சாக்கைக் கடுங்குளிர் இரவுகளில் திருடிவந்து அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஈர மண்தரையில் தூங்குகிறான். சாக்கின் நீளம் போதாது; கால் வெளியே கிடக்கிறது. வெடித்தது ஏன் பாதம் மட்டும் என்பதற்கு இந்தச் சாக்குதான் காரணம். மறுபுறம் சாப்பாடு: சோளமாவுக் கூழை ஒரு பெரிய மரத்தொட்டியில் ஊற்றித் தரையில் வைக்கிறார்கள். குழந்தைகள் ஓடிவந்து, சிலர் சிப்பி ஓட்டால், சிலர் ஓட்டுத்துண்டால், சிலர் வெறுங்கையால் அள்ளுகிறார்கள். கரண்டி யாரிடமும் இல்லை. வேகமாகத் தின்றவனுக்கு அதிகம் கிடைக்கும். வலுத்தவனுக்கு நல்ல இடம் கிடைக்கும். தண்டியலங்காரம் தன் அணிவரிசையில் முதலாவதாக வைப்பது தன்மை அணியை. உள்ளதை உள்ளபடி, அதன் இயல்பு புலப்படச் சொல்வது. உவமைக்கும் உருவகத்துக்கும் முன்னால் அதற்கு ஏன் இடம் கொடுத்தார்கள் என்று சந்தேகப்படுபவர்கள் இந்தச் சிப்பி ஓட்டைப் பார்க்கலாம்.

கணக்குச் சொல்வதிலும் அவருக்கு ஒரு நயம் உண்டு. இரண்டாம் அத்தியாயத்தில், வளர்ந்த அடிமைகளுக்கு மாதப்படியாக என்ன கிடைத்தது என்று ஒரு பட்டியல் வருகிறது: 8 பவுண்டு பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷல் சோளமாவு. ஆண்டுக்கான உடைப் பட்டியல் அடுத்தது: முரட்டு லினன் சட்டை இரண்டு, காற்சட்டைகள், ஒரு மேற்சட்டை, ஒரு சோடி காலுறை, ஒரு சோடி காலணி. எல்லாம் சேர்ந்து 7 டாலருக்கு மேல் போகாது. குமாஸ்தா எழுதிய பேரேடு போல வறட்சியான பக்கம் இது. அப்படியே நம்மை நடத்திக்கொண்டு போய்ப் படுக்கை என்ற இடத்தில் நிறுத்துகிறார். படுக்கை கிடையாது, ஒரு முரட்டுக் கம்பளிதான். ஆனால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை என்கிறார். படுக்கை இல்லாததைக் காட்டிலும் தூங்க நேரம் இல்லாததே குறை. கணக்கில் ஏற்ற முடியாத ஒன்றைக் கணக்கின் கடைசி வரியாக எழுதி மூடுகிறார். பேரேடு அந்த ஒரு வரியில் குற்றப்பத்திரிகையாக மாறிவிடுகிறது.

நூலின் தொடக்கத்தையும் முடிவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது தனி இன்பம். முதல் பத்தியில் தான் பிறந்த ஊரைத் துல்லியமாகச் சொல்கிறார்: டால்பட் மாவட்டத்தில், ஹில்ஸ்பரோவுக்குப் பக்கத்தில், ஈஸ்டன் நகரிலிருந்து சுமார் 12 மைல். இடத்தைச் சொல்ல முடிந்தவருக்கு நாளைச் சொல்ல முடியவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வயது தெரியும். தனக்கு ஏன் தெரியக்கூடாது என்பது சின்ன வயதிலேயே அவரை வாட்டிய கேள்வி. நடவுக்காலம், அறுவடைக்காலம் என்றுதான் அடிமைகள் பிறப்பைச் சொல்வார்கள் என்று எழுதுகிறார். இனிக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். பின்னிணைப்பு முடிகிற இடத்தில் தன் பெயரைக் கையொப்பமாக இட்டு, லின் நகரம், மாசசூசெட்ஸ், 1845 ஏப்ரல் 28 என்று குறிக்கிறார். தேதி மறுக்கப்பட்டவர் தன் நூலுக்குத் தேதி போடுகிறார். இதைப் பற்றி ஒரு சொல்லும் அவர் பேசவில்லை. முதல் பக்கத்தை நினைவில் வைத்திருக்கும் வாசகருக்கென்றே விட்டுவைத்த பரிசு அது.

தாயைப் பற்றிய பகுதி ஒரு பக்கமே. ஹாரியட் பெய்லி வேறொரு தோட்டத்தில் வயல்வேலை செய்தவர். பகல் முழுதும் உழைத்துவிட்டு, 12 மைல் இருட்டில் நடந்து வந்து, மகனைப் பக்கத்தில் படுக்கவைத்துத் தூங்கச் செய்துவிட்டு, அவன் விழிக்குமுன் திரும்பிவிடுவார். சூரியன் எழும்போது வயலில் நிற்காவிட்டால் சவுக்கடி. வாழ்நாளில் அவரைப் பார்த்தது நான்கைந்து முறைதான். பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்ததாகவே நினைவில்லை என்கிறார் மகன். எத்தனை மெதுவாக, எத்தனை மென்மையாக இந்தச் செய்தியை நம் மடியில் வைக்கிறார் பாருங்கள்! இதற்கு அடுத்து வருவது நம்மை இன்னும் உலுக்குகிறது. தனக்கு ஏழு வயதிருக்கும்போது தாய் இறந்த செய்தியை, யாரோ அயலார் இறந்ததைக் கேட்பதுபோலத்தான் கேட்டேன் என்கிறார். அழுதேன் என்று எழுதியிருந்தால் நாமும் சேர்ந்து அழுது ஆறியிருப்போம். அழவும் வாய்க்காத உறவு என்று உள்ளதைச் சொன்னதால், அந்த இழப்பு ஆறாமல் நம்மோடு வருகிறது. அடிமைமுறை ஒரு குழந்தையிடமிருந்து தாயைப் பறித்தது. தாய்க்காக அழும் மனத்தையும் பறித்தது. இரண்டாவது களவை முதல் களவைவிட மெல்லிய குரலில் சொல்கிறார்.

சிரிப்பும் அவரிடம் உண்டு. உதட்டோரத்தில் ஒளித்துவைத்த, கூர்மையான சிரிப்பு. டக்ளஸ் சிறுவயதில் வாழ்ந்த, கர்னல் லாயிடின் பெருந்தோட்டத்தில் அழகான பழத்தோட்டம் ஒன்று இருந்தது. ஆப்பிள் முதல் ஆரஞ்சு வரை எல்லாம் காய்த்துக் குலுங்கும். பால்டிமோரிலிருந்தும் அன்னாபோலிஸிலிருந்தும் அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். பசித்த சிறுவர்களும் பெரியவர்களும் பழம் பறிக்காமல் இருக்க எத்தனையோ தந்திரங்களைச் செய்துபார்த்த கர்னல், கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார்: வேலி முழுதும் தார் பூசுவது. உடம்பில் தார் ஒட்டியிருந்தால் அவன் தோட்டத்துக்குள் போனவன், அல்லது போகப் பார்த்தவன். வேறு சாட்சி தேவையில்லை. சவுக்கடிதான். அந்தத் திட்டம் பலித்தது, அடிமைகள் சவுக்குக்குப் பயந்த அளவு தாருக்கும் பயந்தார்கள் என்று பாராட்டுவதுபோல முடிக்கிறார் டக்ளஸ். கன்னங்கரேல் என்று ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருள். அது தோலில் பட்டாலே குற்றவாளி. எப்படிப் பட்டது என்ற விசாரணை கிடையாது. நிறத்தை வைத்து மனிதனைத் தீர்ப்பிடும் ஒரு நாட்டைப் பற்றி இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? அவர் எதையும் சொல்லவில்லை. வேலிக்கதையைச் சொன்னார், குதிரை லாயக் கதைக்குப் போய்விட்டார்.

பாட்டைப் பற்றிய பத்திகளுக்கு வருகிறேன். அங்கே எழுத்து இறுக்கம் தளர்ந்து உருகுகிறது. மாதப்படி வாங்கப் பெரிய பண்ணைவீட்டுக்குப் போக அனுமதி பெற்ற அடிமைகள், அடர்ந்த காட்டு வழியே பாடிக்கொண்டே போவார்கள். வார்த்தைகள் அப்போதைக்கப்போது வாயில் வந்தவை. மெட்டோ நெஞ்சைப் பிழிவது. துயரமான சொல்லை ஆனந்தமான ராகத்திலும், ஆனந்தமான சொல்லைத் துயரமான ராகத்திலும் பாடுவார்கள் என்று கவனித்து எழுதுகிறார். அடிமைகளின் வட்டத்துக்குள் தானும் இருந்த காலத்தில் அந்தப் பாட்டுகளின் ஆழம் தனக்கு விளங்கவில்லை என்றும் சொல்கிறார். அடிமை பாடுவது மகிழ்ச்சியால் என்று வடக்கே பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். இதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது என்கிறார். படியளக்கும் நாளில் போய் அந்தப் பைன் மரக்காட்டில் தனியாக நின்று கேட்டுப்பாருங்கள் என்று இடம் சொல்லி அனுப்பிவைக்கிறார். நினைத்துப் பார்க்கும்போதே இதை எழுதும் என் கன்னத்தில் கண்ணீர் இறங்கிவிட்டது என்று அங்கே ஒரு குறிப்பும் வருகிறது. தாய் இறந்தபோது வராத கண்ணீர், பாட்டை நினைத்து வருகிறது. இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. அடுத்தடுத்த அத்தியாயங்களில் வைத்திருக்கிறார்.

பால்டிமோருக்குப் புறப்படும் காட்சியில் ஒளி வருகிறது. அழுக்கில்லாத உடம்போடு வந்தால் ஒரு காற்சட்டை தருவதாகச் சொல்கிறார்கள். சிறுவன் மூன்று நாள் போல ஓடையில் கிடந்து, கால் முட்டியிலும் பாதத்திலும் அப்பியிருந்த தோட்டத்து அழுக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறான். சனிக்கிழமை காலை பாய்மரப் படகு கிளம்புகிறது. பின்புறம் போய் நின்று லாயிட் தோட்டத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கிறான். பிறகு முன்னணியத்துக்கு வந்து உட்கார்ந்து, அன்று முழுதும் எதிரே தொலைவில் தெரிவதையே பார்த்துக்கொண்டு வருகிறான். விடுதலை என்றோ எதிர்காலம் என்றோ ஒரு சொல் இல்லை. படகின் பின்முனையிலிருந்து முன்முனைக்கு ஒரு பிள்ளை நடந்துபோன சில அடிகள்தான் இருக்கின்றன. அந்த நடையின் அழகுக்காகவே இந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

பால்டிமோரில் அவன் போய்ச் சேர்ந்த வீட்டின் எசமானி சோஃபியா ஆல்ட் அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கணவர் ஹியூ ஆல்ட் தடுத்தார். படிக்கத் தெரிந்த அடிமை பிறகு அடிமையாக இருக்க மாட்டான் என்றார். சிறுவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தடை சொன்ன வாயே வழியையும் காட்டிவிட்டது. எழுத்தறிவுக்கு அந்த அம்மாவின் அன்புக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேனோ ஏறக்குறைய அவ்வளவு எசமானரின் எதிர்ப்புக்கும் கடன்பட்டிருக்கிறேன் என்று இருவருக்கும் நன்றி சொல்கிறார் டக்ளஸ். எவ்வளவு நாகரிகமான பழிவாங்கல்!

சோஃபியாவை வரைந்திருக்கும் விதத்திலும் கண்ணியம் மிளிர்கிறது. அவர் கல்யாணத்துக்குமுன் நெசவு செய்து பிழைத்தவர். யாரையும் உடைமையாக வைத்திருந்து பழகாதவர். அவர் முகத்தில் எப்போதும் புன்னகை. அதிகாரம் கைக்கு வந்ததும் அந்த முகம் மெல்ல மெல்ல மாறியது. சிறுவன் செய்தித்தாளோடு மூலையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் பாய்ந்துவந்து பிடுங்கும் அளவுக்கு மாறியது. இந்த மாற்றத்தை எழுதும்போது டக்ளஸுக்குக் கோபத்தைவிட இரக்கமே மேலோங்கி நிற்கிறது. அடிமைமுறை தனக்குச் செய்த கேட்டைப் போலவே அவருக்கும் கேடு செய்தது என்று எழுதுகிறார். தன்னை வதைத்த வீட்டிலும் பாழாகிப்போன ஒரு நல்ல மனத்தை அடையாளம் கண்டு, அதற்காக வருந்த இடம் ஒதுக்கும் பேனா எளிதில் கிடைப்பதில்லை.

பிறகு அவர் தெருவில் ஆசிரியர்களைத் தேடிக்கொண்டார். கடைக்குப் போகும்போது புத்தகத்தோடு ரொட்டியும் எடுத்துப்போவார். ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி. பதிலுக்கு அவர்கள் கொடுப்பது பாடம். வீட்டில் ரொட்டிக்குப் பஞ்சமில்லை. அந்த விஷயத்தில் அந்தப் பையன்களைவிடத் தான் வசதி என்று குறும்பாகக் குறிப்பிடுகிறார். அவர்களில் இரண்டு மூன்று பேரின் பெயரைச் சொல்ல நாவு துடிக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன் என்கிறார்: சொன்னால் தனக்கு ஒன்றும் ஆகாது, அவர்களுக்குச் சங்கடம் வரலாம், அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது இந்தக் கிறித்துவ நாட்டில் ஏறக்குறைய மன்னிக்க முடியாத குற்றமாயிற்றே. தெருவின் பெயரைச் சொல்கிறார், ஃபில்பாட் தெரு. பக்கத்தில் இருந்த கப்பல் பட்டறையின் பெயரைச் சொல்கிறார். பையன்களின் பெயரை மட்டும் பொத்திக்கொள்கிறார். நன்றியும் எச்சரிக்கையும் இத்தனை அழகாகக் கைகோத்து நிற்பது அபூர்வம்.

அந்தக் கப்பல் பட்டறைதான் அவருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது. தச்சர்கள் செதுக்கிய மரத்துண்டுகளில், கப்பலின் எந்தப் பக்கத்துக்கு உரியது என்று எழுத்தால் குறித்துவைப்பார்கள். இடப்பக்கத்துக்கு எல், வலப்பக்கத்துக்கு எஸ், முன்புறத்துக்கு எஃப், பின்புறத்துக்கு ஏ. நான்கு எழுத்து கையில் வந்தாயிற்று. எழுதத் தெரிந்த பையன் எவனாவது எதிர்ப்பட்டால், உன்னைப்போல் எனக்கும் எழுதத் தெரியும் என்று சீண்டுவார். எங்கே எழுது பார்க்கலாம் என்பான் அவன். தெரிந்த நான்கை எழுதிக்காட்டி, இதை மிஞ்சு என்று சவால் விடுவார். அவன் மிஞ்சுவதற்காக எழுதுவதெல்லாம் இவருக்குப் பாடம். பலகை வேலியும் செங்கல் சுவரும் நடைபாதையும் நோட்டுப் புத்தகம். ஒரு சாக்கட்டி பேனாவும் மையும். வீட்டுப்பிள்ளை எழுதித் தள்ளிய காப்பி நோட்டுகளில் மிச்சம் கிடந்த இடத்தில், திங்கட்கிழமை மதியங்களில் சோஃபியா பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, அவன் கையெழுத்தைப் போலவே எழுதிப் பழகினார். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த உழைப்பு அது. கல்வியின் பெருமையைப் பாடும் பக்கங்கள் எத்தனையோ உண்டு. மற்றவன் நோட்டில் விட்டுப்போன வெற்றிடத்தில் வளர்ந்த இந்தக் கையெழுத்துக்கு ஈடாக அவற்றில் ஒன்றை வைப்பது கடினம்.

பத்தாம் அத்தியாயம் நூலிலேயே நீளமானது. முரண்டுபிடிக்கும் அடிமைகளை அடித்துப் பணியவைப்பதில் பெயர்பெற்ற கோவி என்பவரிடம் ஓராண்டுக்கு அனுப்பப்படுகிறார். உடைந்துபோன நாட்களில், ஞாயிற்றுக்கிழமை செசபீக் விரிகுடாக் கரையில் நின்று, வெள்ளைப் பாய் விரித்துப் போகும் கப்பல்களைப் பார்த்துத் தனியே பேசுகிறார். அதுவரை கணக்கும் சாட்சியமுமாக நடந்த உரைநடை, அந்த இடத்தில் நிமிர்ந்து பாடலின் ஓசைக்கு உயர்கிறது. அதை அடுத்து, இனிக் கோவியோடு நடக்கப்போகும் சண்டைக்கு முன்னால், கதவைத் திறப்பதுபோல ஒரு வாக்கியம் வருகிறது. மனிதன், அடிமை என்ற இரண்டே சொற்கள் முதற்பாதியில் ஒரு வரிசையில் நிற்கின்றன. பிற்பாதியில் இடம் மாறி நிற்கின்றன. மனிதன் அடிமையாக்கப்பட்ட கதை அதோடு முடிகிறது. அடிமை மனிதனாகும் கதை அங்கே தொடங்குகிறது. நூல் முழுவதன் கட்டுமானமும் அந்தச் சிறிய இடமாற்றத்தில் அடங்கியிருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நடந்த அந்தக் கைகலப்புக்குப் பிறகு கோவி அவர்மேல் கைவைக்கவில்லை.

1836-இல் நண்பர்களோடு தப்பிக்கப் போட்ட திட்டம் காட்டிக்கொடுக்கப்பட்டது. எல்லோருக்கும் எசமானர் எழுதியதுபோல அனுமதிச் சீட்டு எழுதிக்கொடுத்திருந்தவர் டக்ளஸ்தான். காப்பி நோட்டின் ஓரத்தில் பழகிய கையெழுத்துக்கு அதுதான் முதல் பெரிய வேலை. பிடிபட்ட களேபரத்தில் தன் சீட்டை யாரும் பார்க்காமல் நெருப்பில் போட்டார். கட்டி இழுத்துப்போகும் வழியில், என் சீட்டை என்ன செய்வது என்று நண்பர் ஹென்றி கேட்டார். கையில் இருக்கும் பிஸ்கட்டோடு சேர்த்துத் தின்றுவிடு என்றார் டக்ளஸ். உயிர் போகிற நேரம். வந்த ஆலோசனையோ இத்தனை எளிமை. எழுத்தைச் சம்பாதிக்க ரொட்டி கொடுத்தவர், எழுதியதை ஒளிக்க மறுபடியும் ஒரு தின்பண்டத்தின் துணையை நாடுகிறார். வாழ்க்கை தானாக அமைத்துக்கொடுத்த இந்த ஒப்புமையை அவர் விரலால் சுட்டிக்கூடக் காட்டவில்லை.

1838 செப்டம்பர் 3-ஆம் தேதி தப்பித்தார். எப்படி என்று நூலில் இல்லை. தன்வரலாற்றின் உச்சமாக இருக்க வேண்டிய காட்சியை வேண்டுமென்றே காலியாக விட்டார். சொன்னால் உதவியவர்களுக்கு ஆபத்து. பின்னால் வருபவர்களுக்கு வழி அடைபடும். அடிமை எசமானர் இருட்டில் தடுமாறட்டும் என்று காரணத்தை வெளிப்படையாக எழுதி, அந்த வெற்றிடத்தை ஆயுதமாக்கினார். அடிமைமுறை ஒழிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1881-இல் வந்த மூன்றாவது தன்வரலாற்றில்தான் விவரம் வந்தது. ஒரு கப்பல் தொழிலாளியின் சான்றிதழை இரவல் வாங்கிக்கொண்டு, மாலுமி உடையில் ரயிலேறியிருக்கிறார். சான்றிதழில் கண்ட அங்க அடையாளம் இவரோடு பொருந்தவில்லை. காப்பாற்றியவற்றுள் ஒன்று, கப்பலின் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் தெரிந்து தேர்ந்த மாலுமியைப் போலப் பேச வந்தது. எல், எஸ், எஃப், ஏ என்று மரத்துண்டில் பார்த்த அந்தப் பட்டறைக்கு நம் மனம் தானாக ஓடுகிறது. 1845-இல் ஊன்றிய விதை 36 ஆண்டு கழித்து வேறொரு நூலில் பூத்திருக்கிறது.

பெயர்களை மறைப்பதில் காட்டிய அக்கறையைத் தன் பாதுகாப்பில் அவர் காட்டவில்லை. இவ்வளவு அழகாகப் பேசுகிறவர் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று மேடைகளில் கிளம்பிய சந்தேகத்துக்கு விடையாக, எசமானர்கள், கங்காணிகள், ஊர்கள் எல்லாவற்றின் பெயரையும் அச்சிட்டார். சட்டப்படி அவர் அப்போதும் ஹியூ ஆல்டின் சகோதரர் தாமஸ் ஆல்டின் உடைமை. முன்னுரைக் கடிதம் எழுதிய வெண்டல் பிலிப்ஸ், உங்கள் இடத்தில் நானாக இருந்தால் கையெழுத்துப் பிரதியை நெருப்பில் போட்டுவிடுவேன் என்ற கருத்தைச் சொல்லத் தயங்கவில்லை. நூல் வந்த அதே ஆண்டில் அவர் பிரிட்டனுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. அங்கிருந்த அன்பர்கள் பணம் திரட்டி 1846-இல் அவர் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். முகப்புப் பக்கத்தில் தலைப்போடு ஒட்டியிருக்கும் குறிப்பு, இதை அவரே எழுதினார் என்பது. அந்தச் சிறு குறிப்பின் விலை இவ்வளவு.

எழுத்தில் கண்ட இந்த அளவறிதல் மேடையில் எப்படி விரிந்தது என்பதற்கு, 1852 ஜூலை 5-ஆம் தேதி ரோசெஸ்டர் நகரின் கொரிந்தியன் ஹாலில் அவர் ஆற்றிய உரை சான்று. பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கம் நாட்டின் விடுதலை நாளை ஒட்டி அவரை அழைத்திருந்தது. ஐந்நூறு அறுநூறு பேர் கூடியிருந்தார்கள். தொடக்கம் அப்பழுக்கில்லாத அவையடக்கம்: இந்த மேடைக்கும் நான் தப்பிவந்த தோட்டத்துக்கும் உள்ள தூரம் பெரிது, இங்கே நிற்பதே எனக்கு வியப்பு என்கிறார். பிறகு நாட்டை நிறுவிய முன்னோர்களின் துணிவை மனம் நிறையப் போற்றுகிறார். தேர்ந்த வித்துவான் மேல் ஸட்ஜத்தைத் தொடாமல் கீழேயே உலவி ஆலாபனையை வளர்ப்பதுபோல, கேட்பவர் ஏங்கும்வரை வளர்க்கிறார். அந்தப் புகழ்ச்சி முழுவதிலும் உங்கள் முன்னோர், உங்கள் விடுதலை, உங்கள் விழா என்றே சொல்லிவருகிறார். கைதட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது மரியாதையாகத் தோன்றியிருக்கும். உங்கள் விடுதலையோடு நான் சார்ந்த மக்களுக்கு என்ன தொடர்பு என்ற கேள்வி வந்து விழுந்ததும், அதுவரை இனித்த ஒவ்வொரு ‘உங்கள்’-உம் திரும்பிப் பார்க்கிறது.

உரையின் மகுடம் அதற்குப் பிறகு வருகிறது. அடிமையும் மனிதன்தான் என்று நான் நிரூபிக்க வேண்டுமா என்று கேட்டு, நிரூபிக்க மறுக்கிறார். மறுத்துக்கொண்டே நிரூபிக்கிறார். வர்ஜீனியாவில் கறுப்பர் செய்தால் மரண தண்டனை தரும் குற்றங்கள் 72, வெள்ளையருக்கோ அவற்றில் இரண்டுதான் என்று எடுத்துக்காட்டுகிறார். பொறுப்புணரும் மனிதன் என்று ஏற்காமல் ஒருவனை இப்படித் தண்டிக்க முடியுமா? எழுத்தறிவு தரக்கூடாது என்று தெற்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். வயல் மாடுகளுக்கு அப்படிச் சட்டம் உண்டா? எதிராளியின் சட்டப்புத்தகத்தையே சாட்சிக்கூண்டில் ஏற்றிவிடுகிறார்.

தொடர்ந்து ஒரு நெடிய வாக்கியம். உழுவது, நடுவது, அறுப்பது, வீடு கட்டுவது, பாலம் அமைப்பது, கப்பல் செய்வது, பித்தளையிலும் வெள்ளியிலும் பொன்னிலும் வேலை செய்வது, கணக்கர், வழக்கறிஞர், மருத்துவர், கவிஞர், ஆசிரியர் என்று உயர்வது, கலிஃபோர்னியாவில் பொன் தோண்டுவது, பசிபிக்கில் திமிங்கிலம் பிடிப்பது, மலைச்சரிவில் ஆடுமாடு மேய்ப்பது, கணவன், மனைவி, பிள்ளை என்று குடும்பமாக வாழ்வது, கடவுளை வணங்குவது. இத்தனையையும் நாங்கள் செய்துகொண்டிருக்கும்போது, என்று வாக்கியம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போகிறது. போய் முடியும் இடத்தில், நாங்கள் மனிதர்கள் என்பதற்கு எங்களிடமே சான்று கேட்கிறார்கள் என்ற வியப்பு. ஏரில் தொடங்கி வழிபாட்டில் முடியும் அந்த ஏற்றத்தில் ஒரு தொழிலுக்கும் அடைமொழி இல்லை. வினைகளின் அணிவகுப்பே வாதம். உரிமையைப் பற்றிப் பேசிய உரைகள் ஏராளம்; உழைப்பின் பெயர்களை மட்டும் அடுக்கி மனிதனை எழுப்பி நிறுத்திய வாக்கியங்கள் சிலவே.

1845-ஆம் ஆண்டு நூல் மெலிந்தது. ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம். அப்படிப் படிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓர் அத்தியாயம் படித்து மூடிவைத்து, அதிலிருந்து நினைவில் தங்கிய பொருள் எது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் கைக்கு அடக்கமான ஒன்றுதான் தங்கியிருக்கும். இங்கே நான் தொடாதவையும் உண்டு: குதிரைக்காரர் பார்னி முதுமையில் தொப்பியைக் கழற்றி மண்டியிட்டு அடிவாங்கும் பக்கம், எசமானர் குடும்பத்தின் தலைமுறைகளை வளர்த்த பாட்டியை, உழைக்க முடியாத வயதில் காட்டுக்குள் மண் புகைபோக்கி வைத்த குடிசையில் தனியாக விட்டுவிடும் எட்டாம் அத்தியாயம். அந்த அத்தியாயத்திலிருந்தே தொடங்கினாலும் குறையொன்றும் இல்லை. பாட்டி தண்ணீருக்காகத் தள்ளாடி நடக்கும் இடம் வரும்போது மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.